கம்பளத்தில் விரித்த ஊர்கள்

டோர்ட்முண்டில் பத்தொன்பது வருடங்கள் தூசு உறிஞ்சி தள்ளியவன் நான். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்துக்காரர் வீட்டுக்குப் போனபின்னர்தான் எங்களுடைய பகல் விடியும். நாலு மாடி, நீளமான நடைகூடங்கள், சாம்பல் நிறக் கம்பளம். ஆகவே ஜேர்மனியின் கிழக்கு மூலையில், போலந்து எல்லையோரம் இருக்கும் போர்ஸ்ட் என்ற சிறுநகரின் விளிம்பில், ஒரு ஆவணக்காப்பகத்துக்குள் நுழைந்ததும் தரை நிறைய விரித்த கம்பளத்தையும் அதன்மேல் தள்ளுவதற்கென்று வைத்திருந்த, தூசு உறிஞ்சியை ஒத்த கருவிகளையும் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'இன்ஃபோசவுகர்'. தகவல் உறிஞ்சி என்று தமிழில் சொல்லலாம்.

கம்பளம் ஒரு தேசப்படம். லவுசிட்ஸ் என்ற பிரதேசத்தின் படம். அந்த மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதை எடுப்பதற்காக, 1920களில் தொடங்கி எங்களுடைய காலம்வரைக்கும், 130க்கும் மேற்பட்ட ஊர்களும் ஊர்ப்பகுதிகளும் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. இருபத்தையாயிரம் பேரளவில் எழும்பிப் போயிருக்கிறார்கள். கருவியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஊர் இருந்த இடத்தில் நிறுத்தினால் அந்த ஊரைப்பற்றிய விபரம் வரும், படங்கள் வரும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் அடுத்த ஊர். இடம்பெயர்ந்தவர்களின் வாய்மொழியும் அந்த வீட்டில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. காப்பகத்தின் பெயர் 'மறைந்துபோன ஊர்களின் ஆவணக்காப்பகம்'. திறக்கப்பட்டது 2006இல்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது மகள். கொட்புஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கொட்புசிலிருந்து போர்ஸ்ட் றெயினில் கிட்டத்தான். அவளுடைய பாடம் கட்டிடக்கலை. இந்தக் காப்பகத்தைப் பார்த்துவிட்டு 'ஒலிநடை' பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. நான் பார்த்ததையும் எனக்குப் பட்டதையும் எழுதுகிறேன். அவளுடைய கட்டுரை வேறு.

ஒலிநடை என்பது இப்போது ஐரோப்பாவில் வெகுவாகப் பரவியிருக்கும் ஒரு கலைவடிவம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு இடத்தில் நடக்கவேண்டும். காதுக்குள் ஒரு குரல் வழிகாட்டும்: இந்தச் சுவரோடு திரும்பு, இந்த வாசலில் நில், இங்கேதான் சுரங்கத் தொழிலாளர்கள் குளித்தார்கள், இந்த யன்னலில்தான் அவளுடைய தாய் காத்துக்கொண்டு நின்றாள். கனடாவைச் சேர்ந்த ஜனெட் கார்டிப் 1991இல் செய்த காட்டுநடையிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள். அவர் 1997இல் முன்ஸ்ரர் நகரச் சிற்ப விழாவுக்கு ஒன்று செய்தார். 2012இல் காசல் டொக்குமென்ராவுக்காக அவரும் ஜோர்ஜ் பியூரெஸ் மில்லரும் பழைய புகையிரத நிலையத்தில் செய்த நடையில் நானும் நடந்திருக்கிறேன். கையில் ஒரு சின்னத் திரை. அதிலும் அதே நிலையம், அதே மேடை, அதே தூண். ஆனால் வேறொரு நாள். திரையில் ஒரு பெண் கடந்து போகிறாள், நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை. அந்த நிலையத்திலிருந்து 1941, 1942ஆம் ஆண்டுகளில் யூதர்கள் ஏற்றி அனுப்பப்பட்ட செய்தி காதுக்குள் வரும்போது கால் அந்த மேடையிலேயே நிற்கிறது. எனக்கு உடல் கூசியது. இந்த வடிவத்தின் பலம் முழுவதும் 'இங்கே' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. குரல் 'இங்கே' என்று சொல்லும்போது கால் அங்கே இருக்கவேண்டும். இல்லையென்றால் அது வெறும் வானொலி நாடகம்.

கைவிடப்பட்ட சுரங்க ஊர்களுக்கு இந்த வடிவம் பொருந்துவதற்கும் இதுதான் காரணம். ஆழத்தில் தோண்டிய கருநிலக்கரி ஊர்களில் சுரங்கம் மூடினாலும் மேலே ஊர் மிஞ்சும். நான் வாழும் ரூர் பிரதேசத்தில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில், பொட்ரொப்பில், மூடப்பட்டது. ஆனால் தொழிலாளர் வீடுகள் நிற்கின்றன, புறாக்கூடுகள் நிற்கின்றன, மூலைக்கடை நிற்கிறது. நடக்கலாம். பழுப்பு நிலக்கரி அப்படியல்ல. அது மேலிருந்து தோண்டுவது. கரி வேண்டுமென்றால் முதலில் ஊரை எடுக்கவேண்டும். கோவில், கிணறு, சுடலை, பாதை, பாதையின் கீழே இருந்த மண் எல்லாம் போய், பிறகு ஒரு குழி, பிறகு அந்தக் குழியில் நீர் விட்டு ஒரு ஏரி. கொட்புசுக்குப் பக்கத்தில் லக்கொமா என்றொரு ஊர் இருந்தது. அதை விழுங்கிய சுரங்கம் 2015இல் நிறுத்தப்பட்டு, 2019இல் அதில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அங்கே 'இங்கே' என்று சொல்வதானால் படகில் போய்த்தான் சொல்லவேண்டும்.

ஆகவேதான் கம்பளம். நடப்பதற்கு நிலம் இல்லாதவர்கள் நடப்பதற்கு ஒரு நிலத்தை நெய்துகொண்டார்கள். ஒலிநடையின் எல்லைக்கு வெளியே விழுந்துபோன ஒரு ஒலிநடை என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

காப்பகம் நிற்கும் இடத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அந்த இடத்துக்கும் பெயர் ஹோர்னோதான். ஆனால் அது ஹோர்னோ அல்ல.

லவுசிட்ஸ் சோர்ப் மக்களின் நிலம். ஜேர்மனிக்குள் வாழும் ஸ்லாவிய இனத்தவர்கள். அறுபதாயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். கீழ் சோர்ப் மொழியைப் பேசுபவர்கள் அதிலும் மிகச் சொற்பம். ஊர்ப்பலகைகளில் இரண்டு பெயர் இருக்கும், மேலே டொச், கீழே சோர்ப். ஹோர்னோவுக்குச் சோர்ப் மொழியில் ரோகொவ். நாசிகள் 1936, 1937ஆம் ஆண்டுகளில் சோர்ப் வேரிலிருந்து வந்த ஊர்ப்பெயர்கள் பலவற்றை டொச் பெயர்களாக மாற்றினார்கள் என்பதை வாசித்தபோது, மணலாற்றை வெலிஓயா என்று எழுதப் பழக்கப்பட்ட எமக்கு அதிகம் விளக்கம் தேவைப்படவில்லை.

ஹோர்னோவில் சுமார் 350 பேர் வாழ்ந்தார்கள். மூன்றிலொரு பங்கினர் சோர்ப் வம்சாவளியினர். கிழக்கு ஜேர்மன் அரசு காலத்திலேயே ஊர் நிலக்கரித் திட்டத்துக்குள் அகப்பட்டுவிட்டது. மதில் விழுந்தபோது தப்பிவிட்டோம் என்று ஊரவர்கள் நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. 1992இல் எழுதப்பட்ட பிராண்டன்பேர்க் மாநில அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை, சோர்ப் மக்களின் பாரம்பரியக் குடியிருப்புப் பிரதேசத்தைப் பாதுகாப்பதாக வாக்களிக்கிறது. 'பாரம்பரியப் பிரதேசம்' என்ற சொற்றொடரைக் கண்டதும் நான் இரண்டாம் தரமும் வாசித்தேன். எத்தனை மேசைகளில் எம்மவர்கள் எழுதக் கேட்டு எழுதப்படாத சொல்! இங்கே எழுதியே வைத்திருந்தார்கள். எழுதிவைத்ததால் என்ன நடந்தது? 1997இல் மாநில நாடாளுமன்றம் ஹோர்னோவைக் கலைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1998இல் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. உறுப்புரை ஒரு இலக்கு, மற்ற நலன்களோடு நிறுத்துப் பார்க்கவேண்டியது என்பது அதன் விளக்கம். ஊரவர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. தலையீடு உண்மைதான், ஆனால் அளவுக்கு மிஞ்சியதல்ல என்று முடிவாயிற்று.

எங்களுடைய கதை போலில்லை. இங்கே ஷெல் விழவில்லை. யாரும் இரவோடிரவாக ஓடவில்லை. வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை, நட்டஈடு, புதிய வீடு. எங்கே போவது என்பதை ஊரவர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள்: பிரியாமல் ஒன்றாகப் போவது, போர்ஸ்டின் விளிம்புக்கு. பழைய ஊரைப்போலவே நடுவில் ஒரு பசுந்திடல் விட்டு வீடுகளைக் கட்டினார்கள். இறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், கல்லறைகள் மாற்றப்பட்டன. 2004 நவம்பரில் பழைய ஊரின் தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரு முதிய தம்பதி மட்டும் 2005வரை வெளியேற மறுத்து, சுற்றிவர வீடுகள் இடிந்து கிடக்கத் தங்களுடைய வளவுக்குள்ளேயே இருந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு எடுத்த யென்ஷ்வால்டச் சுரங்கம் 2023இன் முடிவில் கரி எடுப்பதை நிறுத்திவிட்டது. பதினெட்டு வருடத்துக் கரி.

ஒரு ஊர் ஒன்றாகவே இடம்பெயர்ந்து ஒன்றாகவே இருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை. என் ஊரவர்களைக் காணவேண்டுமென்றால் ரொறன்ரோ, லாச்சப்பல், ஒஸ்லோ, வெள்ளவத்தை என்று அலையவேண்டும்.

இனிக் காப்பகத்துக்குள் வருவோம்.

இதில் மெச்சவேண்டியவை இருக்கின்றன. முதலாவது, பெரிய ஊர், சின்ன ஊர் என்ற வித்தியாசம் இல்லை. நாற்பது பேர் வாழ்ந்த குக்கிராமத்துக்கும் கம்பளத்தில் இடமுண்டு. இரண்டாவது, ஆர்ப்பாட்டமில்லை, அழவைக்கும் இசை போட்டு எம்மைப் பிடித்துத் தள்ளுவதில்லை. மூன்றாவது, நிறைய ஊர்களை ஒரே தரையில் கண்டுவிடுகிறோம். தனித்தனியாகக் கேள்விப்படும்போது ஒவ்வொன்றும் ஒரு துயரக்கதை. ஒன்றாக விரித்துப் பார்க்கும்போதுதான் அது ஒரு முறை, ஒரு ஒழுங்கு என்பது தெரிகிறது. ஒரு ஒலிநடை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டாலும் ஒரு ஊரைத்தான் காட்டும். கம்பளம் காட்டுவது நூற்றாண்டை.

ஆனால் எனக்கு இடறிய ஒன்று உண்டு. அது வாசலிலேயே, பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. 'பெர்ஷ்வுண்டன்'. மறைந்துபோன. இந்தச் சொல்லுக்கு ஒரு எழுவாய் மட்டும் போதும், மறைத்தவர் தேவையில்லை. பனி மறையும், பூனை மறையும், அப்படியே ஊரும் மறையும். சோர்ப் மொழிப் பெயரில் வரும் சொல்லுக்குத் தொலைந்த, இழக்கப்பட்ட என்பது பொருள். அதிலும் செய்தவர் இல்லை. ஆனால் குறைந்தபட்சம் இழந்தவர் இருக்கிறார். ஒரே பலகையில் இரண்டு மொழி, இரண்டு விதமான இழப்பு. வேடிக்கை என்னவென்றால் நிலக்கரிக்காரர்களின் சொந்தச் சொல் இதைவிட நேர்மையானது. அவர்களுடைய திட்ட ஆவணங்களில் இந்த ஊர்களுக்குப் பெயர் 'டெவஸ்டியர்ட்'. பாழாக்கப்பட்டவை. ஒரு இயந்திரப் பொறியியலாளன் கூச்சமில்லாமல் எழுதிய சொல்லை நினைவுகூர வந்தவர்கள் மென்மைப்படுத்திவிட்டார்கள்.

தமிழில் இந்த வித்தியாசத்தை நாம் இரத்தத்தால் படித்தவர்கள். 'காணாமல் போனோர்' என்று அரசாங்கம் எழுதியது. இல்லை, அவர்கள் தாமாகப் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்று தாய்மார் தெருவில் குந்தியிருந்து சொன்னார்கள். ஒரு வினைச்சொல்லுக்காக வெயிலில் கிடந்த சனங்கள் நாங்கள். அந்தக் காதோடு போனதால்தான் போர்ஸ்டின் பெயர்ப்பலகை எனக்கு இடறியது போலும்.

இந்த மென்மைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. காப்பகம் ஹோர்னோவை எழுப்பியபோது செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வழி பிறந்தது; அதற்குப் பின்னால் இருப்பது சுரங்கக் கம்பெனியின் பணம். அப்போது அந்தக் கம்பெனி வட்டன்ஃபால், சுவீடன் அரசுக்குச் சொந்தமானது. 2016இல் அது விற்றுவிட்டுப் போய்விட்டது. அழித்தவர் கொடுத்த காசில் அழிந்ததைச் சேமிப்பது பிழையா? பிழை என்று நான் சொல்லமாட்டேன். நட்டஈடு எந்தக் கையால் வந்தாலும் வாங்கவேண்டியதுதான், அது பிச்சையல்ல. எதிர்ப்பை மறைத்துவிட்டார்கள் என்றும் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் அந்தக் காசு இலக்கணத்துக்குள் புகுந்துவிடுகிறது என்பதைத்தான் சொல்லவருகிறேன். விடயம் எல்லாம் இருக்கும், வினைச்சொல் மட்டும் மாறியிருக்கும்.

ஊர் இருக்கும்போதே வேறு விதமாகப் பேசியவர்களும் உண்டு. சோர்ப் எழுத்தாளர் யூரி கோக் 1987இல் கிழக்கு ஜேர்மன் எழுத்தாளர் மாநாட்டு மேடையில் லவுசிட்ஸ் அழிக்கப்படுவதைப்பற்றிப் பேசினார். அந்த நாட்டில், அந்த ஆண்டில், அந்த மேடையில்! டெஃபா ஆவணப்பட இயக்குநர் பீற்றர் ரோஹா அதே காலத்தில் தொடங்கிய மூன்று படங்களில் கடைசியானது 1990இல் வந்த 'லவுசிட்சின் வலிகள்'. இவர்களுடைய குரலுக்கும் கம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் கலைத்தரம் சம்பந்தப்பட்டதல்ல. தோண்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசுவதற்கும் அது போனபின் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ரூரில் இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. ஓபர்ஹவுசனில் ஐசன்ஹைம், 1846இல் தொடங்கிய தொழிலாளர் குடியிருப்பு. இரும்பாலைத் தொழிலாளர்களுக்குக் கட்டி, பின் சுரங்கத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். 1970களில் இடிக்க நின்றார்கள். குடியிருந்த சனங்களும், அங்கேயே வந்து குடியேறிய கலை வரலாற்றாளர் ரோலண்ட் குன்ரரும், மாணவர்களும் சேர்ந்து மறித்தார்கள். இன்றைக்கும் அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். பழைய சலவைக்கூடம் ஒரு சின்ன அருங்காட்சியகம். வீடுகளிலும் தெருக்களிலும் பலகைகள்: இந்த வீட்டில் யார் இருந்தார், என்ன சொன்னார், எப்படி வாழ்ந்தார். 'பேசும் தெருக்கள்' என்று பெயர். காதுக்கருவி இல்லாத ஒலிநடை. அங்கே நான் நின்று ஒரு பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தபோது மேல் யன்னலிலிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்து, எழுதியதில் பாதிதான் சரி என்றாள். மற்றப் பாதியை அவள் சொன்ன வேகத்தில் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த யன்னல் இருந்தது, அதுதான் விடயம். கம்பளத்தில் எட்டிப் பார்த்துத் திருத்துவதற்கு யன்னல் கிடையாது.

நெய்வேலியைப்பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்பு நிலக்கரி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வருவது அதுதான். 1956இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் குழிகளில் ஜேர்மனியிலிருந்து போன சக்கர வாளி இயந்திரங்கள் சுற்றுகின்றன. 2023 யூலையில் வளையமாதேவியில் கதிர் வாங்கி நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுப்பப்பட்ட ஊர்களுக்கென்று ஒரு கம்பளம் விரித்தால் அதுவும் சின்னதாக இராது.

மகள் ஒரு கேள்வி கேட்டாள். கருவியை அவள்தான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்கட ஊருக்கு இப்பிடி ஒண்டு செய்தா, நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

"கிணத்தடியில."

"ஆற்ற கிணறு?"

நான் பதில் சொல்லவில்லை.

எங்களுடைய ஊர் காங்கேசன்துறைக்குக் கிட்ட. சீமெந்துத் தொழிற்சாலையின் தூசு எங்கள் வாழையிலைகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அம்மா கழுவிவிட்டுத்தான் சோறு போடுவா. 1950இல் ஆலை தொடங்கியது, சுற்றுவட்டாரத்தின் சுண்ணக்கல்லை அகழ்ந்து அரைத்தது. அகழ்ந்த குழிகளில் மாரியில் நீர் நிற்கும். ஆகவே நாங்களும் ஒருவிதத்தில் சுரங்க ஊர்க்காரர்தான். 1990 யூனில் எழும்பினோம். ஆலையும் அந்த வருடத்தோடு நின்றது. பிறகு எங்கள் வளவு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். துண்டு துண்டாக விட்டார்கள். எல்லாம் இன்னும் விடவில்லை. 2018இல் நான் போனபோது வீடு இல்லை, ஒழுங்கை இல்லை, மதில் இல்லை, பற்றைக்காடு. கிணற்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்து காலால் அளந்து, இது அடுப்படி, இது மால் என்று நானே எனக்கு ஒலிநடை சொல்லிக்கொண்டேன்.

ஆற்ற கிணறு என்று மகள் கேட்டது அறியாமல் கேட்டதல்ல. சில வருடங்களுக்கு முன் எங்களுடைய ஊர்ச்சங்கம் ஒன்று வயோதிபர்களின் குரல்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது. நல்ல வேலை, எத்தனையோ பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டொச்சில் உபதலைப்பு எழுத அவளிடம் கொடுத்தார்கள். அவள் விளங்காத இடங்களில் என்னைக் கூப்பிட, இருவருமாக மணிக்கணக்காகக் கேட்டோம். தேர்த்திருவிழா, ஆலைச் சங்கு, புகையிலைத் தோட்டம், கீரிமலைக் கேணி. எல்லாரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் ருசியைச் சொன்னார்கள். அந்தக் கிணற்றுக்கட்டில் ஏறக்கூடாதவர்களாக இருந்து, யாரும் வந்து ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நின்றவர்களின் குரல் ஒன்றுகூட இல்லை. அவர்களும் எங்களுடைய ஊர்தான். அவர்களும் அதே யூன் மாதத்தில்தான் எழும்பினார்கள். சங்கம் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் சங்கத்துக்கு வரவில்லை.

அதைவிட இன்னொன்று. அதே பதிவுகளில், யாழ்ப்பாணம் பட்டினத்தில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், சோனகதெருவில் தனக்கிருந்த சிநேகிதர்களைப்பற்றி உருகிச் சொல்கிறார். இரும்புக்கடைக்காரர், தையற்காரர், பெருநாளுக்கு வரும் வட்டிலப்பம். கடைசியில், "பிறகு தொண்ணூறில அவையள் போட்டினம்" என்று முடிக்கிறார். மகள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். போட்டினம் என்றால் போய்விட்டார்கள் என்றுதானே, என்ன வினைச்சொல் போடுவது என்று கேட்டாள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார்கள். இதே பெரியவர், இதே பதிவில், கால்மணித்தியாலம் முன்னதாக எங்கள் யூன் மாதத்தைச் சொன்னபோது பாவித்த சொல் வேறு: "ஆமி எங்களைக் கலைச்சவன்." ஒரே ஆண்டு, நாலு மாத இடைவெளி. எங்களுக்கு என்றால் கலைத்தது. அவர்களுக்கு என்றால் போட்டினம்.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. போர்ஸ்டில் பெயர்ப்பலகை எழுதியவர்களும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கம்பளத்தை ஜேர்மன்காரரின் தவறு என்று எழுதிவிட்டு எழும்ப என்னால் முடியவில்லை. 'மறைந்துபோன' என்ற சொல்லை அவர்களிடம் கண்டு கோபிக்கும் அதே காதுக்கு, எங்கள் வாயில் 'போட்டினம்' என்ற சொல் முப்பது வருடம் இயல்பாகக் கேட்டிருக்கிறது. புலம்பெயர்ந்த எம்மவர் வெளியிடும் ஊர் மலர்களை எடுத்துப் பாருங்கள். கோவில் படம், பாடசாலை படம், அதிபர் படம். பட்டினத்துப் பாடசாலைகளின் மலர்களிலும் சோனகதெருப் பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றுபோனார்கள் என்று எழுதிய ஒன்றை நான் இன்னும் காணவில்லை. எங்களுடைய நினைவுகளுக்குக் காசு கொடுப்பது எந்தச் சுரங்கக் கம்பெனியுமல்ல. அப்படியிருந்தும் வினைச்சொல் மாறியிருக்கிறது.

உபதலைப்பில் என்ன போட்டாய் என்று மகளிடம் பிறகு கேட்டேன். 'விரட்டப்பட்டார்கள்' என்று டொச்சில் போட்டு, அடைப்புக்குறிக்குள் பேச்சாளர் 'போனார்கள்' என்கிறார் என்று எழுதினாளாம். சங்கத்தவர்கள் அடைப்புக்குறியை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். அந்தப் பதிவு இன்னும் வெளியாகவில்லை.

பின்னேரமாகிவிட்டது. மகள் கருவியைக் கொட்புஸ்வரைக்கும் தள்ளிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. கொட்புஸ் இன்னும் இருக்கிறதல்லவா. திரும்பக் கொண்டுவந்து எடுத்த இடத்தில் விட்டாள். வெளியே பசுந்திடலில் யாரோ புல்வெட்டும் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் நான் குனிந்து வயரைச் சுற்றி வைக்கத் தேடினேன்.